கறுப்பு மையில் ஒரு றகரம்

தட்டச்சு அம்மாவுக்குக் காலையில் பல் தேய்த்ததும் முதல் வேலை, இணையக் கலைக்களஞ்சியத்தில் எவன் என்ன கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று பார்ப்பது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் கிறுக்கர்களும் வரத்தானே செய்வார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். சம்பளமில்லாத இந்தக் காவலுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

அவளுக்குக் கணவர் கிடைத்ததே அந்தக் கலைக்களஞ்சியத்தில்தான், இனிக் கல்யாணம் நடக்காது என்று வீட்டில் கைகழுவிவிட்ட வயதில். அவர் அச்சகத்தில் மை கலக்குபவர். ‘வல்லினம்’ என்ற புனைபெயரில் ‘கறுப்பு மை’ பற்றிக் கட்டுரை எழுதினார். ‘கருப்பு’தான் சரி என்று இவள் மாற்றினாள். அவர் திருப்பி மாற்றினார். பதினான்கு முறை மல்லுக்கட்டிய பிறகு பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதினார்: “எனக்குக் கை வலிக்குதுங்க. உங்களுக்கு வலிக்கலையா?”

அதில் விழுந்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. “கட்டுரையில என் ற, வீட்டு மளிகை டப்பாவுல ஒட்டுற சீட்டுல உன் ர” என்று அவர் சமாதானம் பேசினார். “றவும் சரிதான்னு ஒரு தடவை சொல்லேன்” என்று கெஞ்சுவார். அவளா சொல்வாள்? எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

அவர் போய் இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, பெயரில்லாத விஷமி ஒருவன் அந்தக் கட்டுரையின் அத்தனை றவையும் ர ஆக்கியிருந்தான். ‘நிறம்’ ‘நிரம்’ ஆகி, ‘காற்று’ ‘கார்ரு’ ஆகிக் கிடந்தது. ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அவளுக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டே வந்து, ‘கருப்பு’வை மட்டும் அப்படியே விட்டாள். இத்தனை வருட ஆசை, கேட்க ஆளில்லை.

கல்லூரிக்குக் கிளம்பிய மகள் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள்.

“எல்லாத்தையும் சரி பண்ணிட்ட. அப்பாவோட றவை மட்டும் விட்டுட்டியேம்மா.”

“இதுதான்டி சரி.”

“சரி, ஜெயிச்சிட்ட.”

தட்டச்சு அம்மா திருத்தியதைச் சேமிக்காமல் மூடினாள். வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், அவர் கடைசியாகத் தொட்ட வடிவத்தைத் தேடி மீட்டாள். காரணம் கேட்கும் கட்டத்தில் “கறுப்பும் சரிதான்” என்று தட்டினாள். அவர் இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

பிறகு பழக்கதோஷத்தில் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தாள். எதிர்த்து யாரும் மாற்றவில்லை.