அக்கா வழுக்கி விழவில்லை

என் அக்காவின் மூக்கை உடைத்தவன் நான்தான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் முப்பத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இப்போது சுற்றி வளைப்பதில் என்ன இருக்கிறது?

அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அது அவள் மூக்கில் போய் முடிந்தது. அவளுடைய பென்சில் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அவள் துரத்தினாள். அறைக்குள் புகுந்து, திரும்பிப் பார்க்காமல் கதவை அறைந்து சாத்தினேன். அது பின்னால் ஓடிவந்த அவள் முகத்தில் மோதியது. அம்மா அப்போதுதான் கூடத்தைக் கழுவிவிட்டு, துடைக்கிற துணியை எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தவளிடம், "வழுக்கி விழுந்துட்டாம்மா" என்றேன். ரத்தம் வழிய வழிய அக்காவும் தலையாட்டினாள். நான் அடி வாங்காமல் பார்த்துக்கொள்வது அந்த வயதிலேயே அவளுடைய வேலை.

பழி யார் தலையில் போய் விழும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அம்மா தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் தரையைத் துடைத்த பிறகு, காய்ந்த துணியால் மண்டியிட்டு இன்னொரு தடவை துடைப்பாள். அக்கா கல்யாணமே வேண்டாம் என்று சொன்னபோது அதற்கும் கோணிப்போன அந்த மூக்கைத்தான் அம்மா காரணமாக்கிக்கொண்டாள். உண்மையில் அக்காவுக்கு வந்தவர்களில் ஒருத்தனையும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் பிடிக்கவில்லை.

அக்கா இருபது வருஷமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர் முகத்துக்குத் தகுந்த மாதிரி ஃப்ரேமைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. "எல்லாரும் கண்ணப் பாப்பாங்க, நான் மூக்கப் பாப்பேன்" என்பாள். "யாருக்கும் மூக்கு நேரா கெடயாதுடா. ஃப்ரேமத்தான் வளைக்கணும்." அவளுடைய சொந்த ஃப்ரேமின் இடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பாள். அதைப் போட்டால் கண்ணாடி நேராக நிற்கும். இடது பக்கம் மூச்சுதான் சரியாகப் போகாது. வாயைத் திறந்துகொண்டே தூங்குவாள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. ஆறு மாதம் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மதியம் அக்காவின் முகத்தைக் கையில் பிடித்து அம்மா சொன்னாள்: "போறதுக்குள்ள இத நேராப் பாத்துட்டேன்னா நிம்மதியா போயிடுவேன்."

சமையலறைக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். "உண்மைய சொல்லிடவா?"

"சாகக் கெடக்கறவகிட்ட போயி, ரெண்டு பேரும் சேந்து இத்தன வருஷமா உன்ன ஏமாத்துனோம்னு சொல்லப் போறியா? பேசாம இரு. மூக்கையே நேராக்கிக்கறேன். அதுதான் சுலபம்."

மூக்கைக் காட்ட மருத்துவரிடம் போனபோது அம்மாவும் பிடிவாதமாகச் சக்கர நாற்காலியில் கூடவே வந்தாள். மருத்துவர் பேசுவதற்கு முன், உதவியாளர் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எப்படி உடைந்தது என்று கேட்டாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நான் தரையத் தொடைக்காம விட்டுட்டேம்மா. ஈரத்துல வழுக்கிட்டா." அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள். நானும் அக்காவும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முகம் வீங்கும், கண்ணைச் சுற்றிக் கருத்துப்போகும், தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும், சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனியக் கூடாது, வாசனை கொஞ்ச நாள் தெரியாமல் போகலாம், நுனி மரத்துப் போயிருக்கும் என்றார். ஆறு வாரத்துக்கு மூக்கின் மேல் கண்ணாடி உட்காரக் கூடாது என்றபோது அக்கா சிரித்துவிட்டாள். "என் பொழப்பே அதுதான் டாக்டர்."

"மேல் கட்டு ஒரு வாரத்துல எடுத்துடலாம். ஆனா முழு வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும். நூத்துக்கு நூறு நேராயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அம்மாவும் அக்காவும் ஒரு வாரம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள். நான் மற்றதையும் கேட்டேன். கேட்டும் பேசாமல் இருந்தேன்.

கட்டைப் பிரித்த அன்று, அக்காவின் கண்ணாடியைப் பிளாஸ்திரி போட்டு நெற்றியில் ஒட்டித் தொங்கவிட்டேன். அது இல்லாமல் அவளுக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. "சிரிக்க வெக்காதடா, தையல் இழுக்குது" என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. இடது பக்கம் வீக்கம் அதிகம். அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னும் கோணலாத்தான் இருக்கு."

"வீக்கம்மா. வடிஞ்சிடும்."

"எப்ப?"

அக்கா தயங்கினாள். "ஒரு வருஷத்துல."

அம்மா அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். மூக்கைத் தொடவில்லை. "சரி, வலிக்கப் போகுது, போய்ப் படு" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அக்கா தடுத்தும் கேட்காமல் மறுவாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் டப்பா, கதவு, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதப்பா. உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பொய் சொல்ல வராது."

"நெசம்தாம்மா" என்றாள் அக்கா.

"நீ எப்பவும் அவனுக்குத்தான் தலையாட்டுவ."

நான் சொன்ன பொய்யை முப்பத்திரண்டு வருஷம் நம்பியவள், உண்மையை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா மேல், அக்கா மேல், அந்தக் கதவு மேல். எழுந்து வெளியே போய்விட்டேன். இப்போது நினைத்தால் அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஐந்தாவது வாரம், ஒரு காலையில் அம்மா போய்விட்டாள்.

அக்காவால் குனிய முடியவில்லை. வியர்வையிலும் கண்ணீரிலும் நனைந்து பிளாஸ்திரி ஒட்டவே இல்லை. கண்ணாடி இரண்டு தடவை அம்மாவின் மேலேயே விழுந்தது. கடைசியில் நான் அவள் பக்கத்தில் நின்று, மூக்கில் படாமல் கண்ணாடியை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். "ஆட்டாதடா, அம்மா கலங்கலாத் தெரியறா" என்றாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி சரிபண்ணிக் கொடுப்பவள். எல்லோரும் போன பிறகு அம்மாவின் தலையணையை முகத்தருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் தெரியல" என்று என்னிடம் நீட்டினாள். "உனக்குத் தெரியுதா?"

எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னேன். எனக்கா பொய் சொல்ல வராது?

ஒரு வருஷம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்குப் போனோம். மருத்துவர் சத்தியம் பண்ணாவிட்டாலும் மூக்கு நேராகிவிட்டது. அந்தப் பழைய ஃப்ரேம் இப்போது கோணலாக நிற்கிறது. இன்னும் அதைத்தான் போட்டிருக்கிறாள். முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினார்கள். எல்லோருக்கும் திருப்தி. அதே உதவியாளர் பெண் முடிவு எழுதுவதற்காகப் பழைய தாளைப் புரட்டி வாசித்தாள்: "ஈரத்தரை துடைக்காததால் வழுக்கி விழுந்தது."

"அது தப்பும்மா" என்றேன். "நான்தான் கதவ அடிச்சு சாத்துனேன். மாத்தி எழுதிடுங்க."

அவள் புரியாமல் பார்த்தாள். "வைத்தியமே முடிஞ்சு போச்சு சார். இப்ப மாத்தி என்ன ஆகப் போகுது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா தொடைக்கத் துணி எடுக்கத்தாம்மா போயிருந்தா. அதையும் சேத்து எழுதுங்க."

அந்தப் பெண் எழுதி முடிக்கும் வரை அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.