முத்துமாரி அக்காவின் அடுக்கரளி

ஏழாயிரம்பண்ணையிலிருந்து இமயமலை வரை, பூவே இல்லாத அரளிச்செடியைப் பார்த்து இனம் சொல்ல முத்துமாரி அக்காவை விட்டால் ஆள் கிடையாது. இமயமலையில் அரளி உண்டா என்பதை அங்கே போனவர்கள்தான் சொல்லவேண்டும். அக்கா போனதெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேனில்தான். "அந்தா ஒத்தையரளி! இந்தா அடுக்கரளி!" என்று வழியெல்லாம் கூவுவாள். வேனில் ஒருத்தரும் தூங்க முடியாது.

அவளுக்குக் கம்பிமத்தாப்பு வேலை. அலுமினியத் தூள் எம்புட்டுத் தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாது. வாசலில் அவள் வளர்க்கும் அரளியின் இலையெல்லாம் வெள்ளி வெள்ளியாக விரல் தடம். வேறு யாராவது தொட்டால் தொலைந்தார்கள். "வெசப்பாலுலே, கையக் களுவு!" என்று அதிகம் திட்டு வாங்கியது பக்கத்துவீட்டுக்காரன், திருத்தங்கல் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் அடிக்கிறவன். இதை எழுதுகிறவனும் அவனே.

கோடையில் தெருவே காய்ந்து நின்றாலும் அந்தச் செடி பச்சைதான். ஆனால் பூக்கவில்லை. எதிர்வீட்டு மாடத்தி தன் மகனின் பைக்கை நிறுத்த அந்த இடத்தில் கண் வைத்திருந்தாள்.

"இது வெறும் ஒத்தையரளி மதினி. வெட்டிப்போடுங்க."

"தண்டுச் செவப்பப் பாத்துல்ல ஒடிச்சு நட்டேன்! அடுக்குச் செவ்வரளிடி. மொதப் பூவு ஒத்தையாப் பூத்தா நானே அருவாள எடுக்கேன், போதுமா?"

போன வாரம் மொட்டு வந்தது. அக்கா சோற்றை மறந்தாள். மாடத்தி அருவாளைத் தீட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செடியின் உச்சியில் அடுக்கடுக்காக ஒரு சிவப்புப் பூ!

"அடியாத்தி, செயிச்சிட்டீக மதினி!" என்றாள் மாடத்தி.

ஓடிவந்த அக்கா குதிக்கவில்லை. பூவின் காம்பில் சுற்றியிருந்த நூலை உருவினாள். "இது பூக்கடைப் பூவு." மாடத்தியின் முகம் மாறுவதற்குள் பக்கத்துக் கிளையை வளைத்தாள். அங்கே பாதி விரிந்த மொட்டு. இதழுக்குள் இதழ், அதற்குள்ளும் இதழ். "இதுதான்டி எம்புள்ள பூத்தது! நல்லாப் பாரு!" தெருவே திரும்பிப் பார்த்தது.

பிறகு இலைகளைப் புரட்டினாள். வெள்ளித் தடங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ரோஸ் கலரில் இருந்தது. சுவரோரம் ஒன்றும் தெரியாதவன்போல் நின்றவனை எட்டிப் பிடித்து, லேபிள் மை போகாத அவன் கட்டைவிரலை அந்தத் தடத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

"ஏலே, செடிய வெட்டிப்புடுவேன்னு பயந்துட்டியோ?"

கடைப் பூவை அவன் காதில் செருகிவிட்டு, கை கழுவச் சொம்பை நீட்டினாள்.