என் படத்துக்கு யாரும் கோடு போடுவதில்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் என் போன் ஓயாமல் சத்தம் போடும். எங்கள் போட்டோ குரூப்பின் நேரம் அது. மதுரையிலும் சுற்றுப்பட்டியிலும் கேமராவை வாங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாத ஆட்கள் சேர்ந்த குரூப். கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் கிடையாது. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் எல்லோரும். காலையில் எடுத்ததில் ஒரே ஒரு படத்தைச் சாயங்காலம் போட வேண்டும், மற்றவர்கள் அதில் ஒரு குறையாவது சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் நானும் என் நண்பனும்.

சட்டத்தை ஒருவரும் மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். 'சூப்பர்' என்று எழுதி, கைதட்டும் பொம்மை ஒன்றையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் விடமாட்டேன். படத்தை இறக்கி, விரலால் அதன் மேலேயே சிவப்புக் கோடு போட்டு, எதை வெட்ட வேண்டும், எங்கே தள்ளி நின்றிருக்க வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். குரூப்பில் இதற்கு 'அண்ணன் கோடு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 'அண்ணே, இன்னும் கோடு வரலையே' என்று சிலர் கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு.

சொல்வதற்கு என்ன பஞ்சம்! தங்கச்சி மாப்பிள்ளையை நிற்க வைத்து எடுத்திருப்பார் ஒருவர். மாப்பிள்ளை தலையில் தென்னை மரம் முளைத்திருக்கும். இரண்டு எட்டு இடது பக்கம் நகர்ந்திருந்தால் மரம் தலையை விட்டுப் போயிருக்கும். இன்னொருவர் தன் அம்மாவைக் கணுக்காலோடு வெட்டி அனுப்புவார். ஒன்று முழங்காலுக்கு மேலே வெட்டுங்கள், இல்லையென்றால் செருப்பு வரைக்கும் விடுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பூ மார்க்கெட்டுக்குப் போன ஒருவர் மல்லிகைக் குவியலை எடுத்து அனுப்பினார். பூவெல்லாம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வெள்ளையாக ஒன்று முன்னால் குவிந்து கிடந்தால் கேமரா மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். 'கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டி எடுங்க. இம்புட்டு அழுக்கா காட்டுனா பூக்காரம்மா அடிக்க வந்துரும்' என்று எழுதினேன். உண்மையில் எனக்குக் கோபம் வருவது கலரைக் கூட்டுகிறவர்கள் மேல்தான். நல்ல நாற்றங்காலை எடுத்து, பிளாஸ்டிக் குடம் மாதிரி பச்சையாக்கி வைப்பார்கள். அவர்களுக்கு மட்டும் கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போடுவேன்.

இதையெல்லாம் பார்த்தால் நான் ரொம்பப் பரோபகாரி என்று தோன்றலாம். அப்படி ஒன்றும் இல்லை. பசுமலையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்கான வயதும் எப்போதோ போய்விட்டது. காலேஜ் ஆபீஸில் கிளார்க் வேலை. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் கதவைப் பூட்டினால், திங்கட்கிழமை காலை வரைக்கும் வாய் திறந்து பேச ஆள் இல்லை. ஓட்டலில் 'இன்னும் கொஞ்சம் சட்னி' என்று கேட்பதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது. கோடு போடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாலு பேரோடு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். படங்கள் தீர்ந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பேன். மின்விசிறிச் சத்தம் அதற்கப்புறம்தான் காதில் விழும்.

முன்பு இப்படி இருந்ததில்லை. என் நண்பன் திருப்பரங்குன்றத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அங்கே பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் சந்தித்து, என் பைக்கில் இரண்டு பேரும் கிளம்புவோம். அவனும் கேமரா வைத்திருந்தான், ஆனால் எடுப்பது குறைவு. என் பக்கத்தில் வலது தோளோடு நின்றுகொண்டு, நான் எடுப்பதைப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவனுக்குப் பிடித்த வேலை. நான் நடுவைப் பார்ப்பேன், அவன் ஓரத்தைப் பார்ப்பான். "மாப்ள, கம்பி வருது." "மாப்ள, அந்தா ஒரு சாக்கு கெடக்கு பாரு." காலை வெயில் முதுகில் அடிக்கும்போது எங்கள் நிழல் படத்துக்குள் போய்விடும். "மாப்ள, நம்ம ரெண்டு பேரும் உள்ள வந்துட்டோம், தள்ளு தள்ளு" என்று தோளால் இடிப்பான். நான் எடுத்த எதையும் அவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ரொம்ப நன்றாக இருந்தால், "சரி, வா, டீ குடிப்போம்" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் காத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, இவனைக் காணோமே என்று மனதுக்குள் அவனை வைதுகொண்டிருந்தேன். அவன் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, அண்ணன் எந்திரிக்க மாட்டேங்குது" என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

அதற்குப் பிறகும் படம் எடுக்கிறேன். வேறு என்ன செய்வது? சாயங்காலம் குரூப்பில் போடுவேன். 'சூப்பர் அண்ணே', 'அண்ணே வேற லெவல்', 'குருவே வணக்கம்' என்று வந்து குவியும். ஊர்ப் படத்துக்கெல்லாம் நான் கோடு போடுகிறேன், என் படத்துக்குக் கோடு போட மட்டும் ஒருத்தருக்கும் விரல் வரவில்லை. மரியாதையாம். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக, படத்தை யாராவது பார்க்கிறார்களா, இல்லை என் பெயரைப் பார்த்துக் கைதட்டுகிறார்களா என்று சந்தேகம் வந்தது. என் வீட்டுச் சுவரில் மாட்டி நானே பார்த்துக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. குறை சொல்ல ஒருத்தர் வேண்டும் என்று இப்படி ஏங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். சமயநல்லூரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு கண்மாய் இருக்கிறது. நானும் அவனும் அடிக்கடி போன இடம். மழைக்குப் பிறகு தண்ணீர் ததும்பிக் கிடந்தது. கரையில் நின்று, வேண்டுமென்றே கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்தேன். தண்ணீரெல்லாம் வலது பக்கமாக வழிந்து தார்ச்சாலைக்கு ஓடிவிடும் போல இருந்தது படம். கேமரா வாங்கிய முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது. கண்ணுள்ள எவனும் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்துத்தான் குரூப்பில் போட்டேன்.

'அண்ணே, மெர்சலாயிருச்சு' என்றார் ஒருவர். 'என்ன லென்ஸ்ண்ணே?' என்றார் இன்னொருவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த படங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருவர் டீக்கடையைச் சாய்த்திருந்தார், பாய்லர் சரிந்து மாஸ்டர் மேலேயே விழுகிற மாதிரி. இன்னொருவர் படத்தில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டே சறுக்கிக்கொண்டிருந்தது. திருப்பரங்குன்றம் மலையையே ஒருவர் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார். 'நம்ம அண்ணன் ஸ்டைலு' என்று கீழே எழுத்து வேறு. கோடு போட விரலைத் தூக்கினேன். போட முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் இருந்திருந்தால் இந்த ஆட்டைப் பார்த்துவிட்டு எப்படிச் சிரித்திருப்பான் என்று நினைத்தேன். அன்றைக்கு இருந்த மாதிரி தனிமையாக நான் எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, குரூப்பில் இல்லாமல் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் சமயநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குரூப்பில் அதிகம் பேசமாட்டார். வகுப்பு ஜன்னல், கொடியில் காயும் சீருடை என்று அமைதியான படங்களாகப் போடுவார். அவருக்கும் நான் கோடு போட்டிருக்கிறேன்.

'சார், தப்பா நெனைக்காதீங்க. கண்மாய்ப் படத்தை ஒரு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேன். சொல்லாம இருக்க முடியல' என்று எழுதி, கூடவே என் படத்தை அனுப்பியிருந்தார். படத்தின் மேல் சிவப்புக் கோடு, தண்ணீர் மட்டத்தோடு நேராக இழுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார்! ஆனால் கோட்டோடு நிற்கவில்லை. இடது கீழ் மூலையில் ஒரு வட்டமும் போட்டிருந்தார். பக்கத்தில், 'நிழல் விழுந்திருக்கு சார்.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரைச் சரிவுப் புல்லில் ஒரு தலை, மடங்கிய ஒரு முழங்கை. என் நிழல்தான். சாய்த்ததுதான் நான் வைத்த தப்பு. இது எனக்கே தெரியாது.

கம்ப்யூட்டரைத் திறந்து பழைய படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் போன பிறகு எடுத்தவை. வயல்வரப்பில், பள்ளிக்கூடச் சுவரில், ரயில் பாதை ஓரச் சரளையில், காலை வெயில் முதுகில் அடித்த படங்களில் எல்லாம் ஏதோ ஒரு மூலையில் அந்தத் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ஓரத்தைப் பார் என்று சொல்கிற நான், என் படத்தின் ஓரத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது அவன் பார்க்கிற வேலை. இத்தனை நாளாக அதை யாரும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

முகம் கழுவிவிட்டு வந்து டீச்சருக்குப் பதில் எழுதினேன். 'ரொம்ப நன்றி டீச்சர். நிழல் விழுதுன்னு பக்கத்துல நின்னு சொல்ல ஒருத்தன் இருந்தான். இப்ப இல்ல. அதான் தெரியாமப் போச்சு. இனிமே என் படத்துக்கு நீங்க கோடு போடணும்.'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'போட்டுருவேன் சார். பேப்பர் திருத்துற கை, கொஞ்சம் கண்டிப்பா இருக்கும். அழுகக் கூடாது.' பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய வார்த்தையாக இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே கண்மாய்க்குப் போனேன். வெயில் முதுகில் ஏறியது. நிழல் எனக்கு முன்னால் சரிவில் நீளமாக விழுந்தது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவன், என்னை அறியாமல் ஒரு நிமிடம் காத்திருந்தேன். யாரும் இடிக்கவில்லை. டீச்சர் சாயங்காலம் சொல்வார், படத்தைப் பார்த்துவிட்டு. கரையில் நிற்கும்போது சொல்ல, கரையில் ஓர் ஆள் வேண்டும். நான் தள்ளி நிற்கவில்லை. தண்ணீர் மட்டத்தை நேராக வைத்து, நிழலை முழுசாக உள்ளே விட்டு எடுத்தேன்.

சாயங்காலம் குரூப்பில் வழக்கம்போல 'சூப்பர் அண்ணே' வந்துகொண்டிருந்தது. டீச்சரிடமிருந்து ஒன்றும் காணோம். போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் தனியாகச் செய்தி வந்தது. கோடு எதுவும் போடவில்லை.

'நேரா இருக்கு சார். நிழலும் தெரிஞ்சுதான் விட்டிருக்கீங்கன்னு புரியுது. ஒண்ணே ஒண்ணு. நீங்க இடது பக்கமா ஒதுங்கி நின்னதுனால வலது பக்கம் நெறைய எடம் சும்மா கெடக்கு.'

படத்தை எடுத்துப் பார்த்தேன். சரிவில் இடது ஓரமாக என் நிழல். அதற்கு வலப்புறம் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம், அவ்வளவு புல். பழக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு நின்றிருக்கிறேன்.

'வெட்டிரவா டீச்சர்?' என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது.

'வேணாம் சார். அந்த எடம் இருக்கட்டும்.'