இருபத்தேழு வினாடி: மைசூரில் நான் கொடி பிடித்த அரை மாரத்தான்

கோயம்புத்தூரிலிருந்து மைசூருக்கு அரை மாரத்தான் ஓடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுத வேண்டும் என்றுதான் கிளம்பும்போது நினைத்திருந்தேன். பேருந்து நேரம், அறை வாடகை, பாதையின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் வழக்கம்போலக் குறித்துக்கொண்டேன். அவை இந்தக் கட்டுரையில் இருக்கின்றன. ஆனால் போன செப்டம்பரில் அந்த ஓட்டத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதை விட்டுவிட்டுப் பேருந்து நேரத்தை மட்டும் எழுதுவது சரியாகாது.

எனக்கு ஐம்பது வயது. நாற்பத்து நான்கில் ஓடத் தொடங்கி இதுவரை பதினான்கு அரை மாரத்தான்களை முடித்திருக்கிறேன். மிகக் குறைந்த நேரம் இரண்டு மணி நான்கு நிமிடம். வால்வு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. மைசூருக்கு இம்முறை நான் போனது எனக்காக ஓட அல்ல, பேசராக. ஓட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: 21.1 கிலோமீட்டரை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் பின்தொடர்வதற்காக, முதுகில் சிறு கொடியுடன் ஒரே சீரான வேகத்தில் ஓடுகிறவர்தான் பேசர். அவர் பின்னால் வரும் கூட்டத்தை ‘பஸ்’ என்பார்கள். என் கொடியில் 2:30 என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை காலை 6.30 மணிக்குக் காந்திபுரத்தில் பேருந்து ஏறினேன். சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். கட்டணம் 310 ரூபாய். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் பகல் பேருந்தே நல்லது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்; எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் பண்ணாரியில் சாப்பிட்ட பரோட்டாவைப் பதினான்காவது வளைவில் இழந்தார். மைசூரை 12.40க்கு அடைந்தேன். புறநகர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் அறை, ஓரிரவுக்கு 1,100 ரூபாய். சுத்தமாக இருந்தது. ஐந்து மணிக்கெல்லாம் வெந்நீர் வந்தது. ஓட்டக்காரர்களுக்கு அது முக்கியம்.

சட்டையில் குத்திக்கொள்ளும் போட்டி எண்ணை விஜயநகரில் கொடுத்தார்கள். ஆட்டோவுக்கு 120 ரூபாய். ஓட்டுநரின் பெற்றோர், சாமராஜநகர் மாவட்டத்தில் தமிழர்கள் நிறைய வாழும் கௌதள்ளியிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது மைசூரில். நான் தமிழ் என்று தெரிந்ததும் பேசத் தொடங்கிவிட்டார். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார், சொன்னேன். பின்னால் வருகிறவர்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை, பஸ் ஓட்டுநர் மாதிரி என்றும் சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். “ஓ, நீங்களும் டிரைவரா சார்? ஒள்ளேது, ஒள்ளேது. ஆனா டயர் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கே” என்றார். கன்னடத்தில் ‘நல்லது’ என்பதற்கு ‘ஒள்ளேது’ என்பார்கள்.

மாலையில் ஓட்டம் முடியும் மைதானத்துக்குப் போனேன். கடைசிப் பகுதியைக் கால்கள் முன்னமே அறிந்திருக்க வேண்டும் என்பது என் பழக்கம். மைதானத்து முடிவுக்கோட்டிலிருந்து பின்னோக்கி நடந்தேன். திறந்த வானம், நேரான சாலை. ஒரு பால் பூத்தின் வாசலில் கைக்கடிகாரம் சரியாக 1,100 மீட்டர் காட்டியது. பூத்துக்கு எதிரே தார்ச்சாலையில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடும் 20 என்ற எண்ணும் புதிதாக இருந்தன. ஒத்துப்போகிறது என்று திருப்தியுடன் திரும்பினேன்.

திருப்தியோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை. கோடு சரியாக இருக்கிறது என்பதற்கு அப்போதே என்னிடம் சான்று இருந்தது. ஆனால் எனக்கு ஒரு விதி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், தூரப் பலகைகளைத் தன்னார்வலர்கள் அரைக் கிலோமீட்டர் தள்ளி நட்டுவிட்டார்கள். அவற்றை நம்பி என் கணக்கு முழுவதும் குலைந்தது. அன்று முதல், பலகையை நம்பாதே, கடிகாரத்தை மட்டும் நம்பு என்று முடிவு செய்திருந்தேன். ஒரேயொரு முறை நடந்ததை வைத்து விதி செய்யக் கூடாது என்று என் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்வேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடக்கம். மெல்லிய குளிர். என் கொடிக்குப் பின்னால் பதினொரு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மாதேஸ்வரி. முப்பத்து மூன்று வயது இருக்கும். ஏதோ ஒரு தொழிற்சாலையின் பெயர் போட்ட நீலச் சட்டை அணிந்திருந்தார், கையில் கடிகாரம் இல்லை.

“இந்தக் கொடி பின்னாடியே வந்தா ரெண்டரைக்குள்ள போயிருவனுங்களாண்ணா?” என்று கேட்டார்.

கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஐந்து வினாடி, முடிவில் இரண்டு மணி 29 நிமிடம் 26 வினாடி என்று நான் விளக்கினேன். வினாடிக் கணக்கைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு இப்போதும் என்னை உறுத்துகிறது.

முதல் கிலோமீட்டரில் தன் கதையைச் சொன்னார். சொந்த ஊர் மார்டள்ளி, அதுவும் கௌதள்ளிப் பக்கம். மைசூரில் மின்கருவிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலைக்கு நான்கு பெண்கள் கொண்ட ஓட்ட அணி ஒன்று உண்டு, மூவரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. நான்காவது இடம் இந்த ஓட்டத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பெண்ணுக்கு. இவரோடு போட்டியிட்டிருந்த இன்னொருவர் காய்ச்சலால் வரவில்லை. ஆகவே எதிராளி நேரம் மட்டும்தான். போன ஆண்டு 2:33க்கு முடித்திருந்தார்.

“டீம்ல சேந்துட்டா வருசம் பூரா பஸ்ட் ஷிப்டுங்ணா. இப்ப ரெண்டு மணிக்குப் போனா ராத்திரி பத்தரைக்குத்தான் விடறாங்க. பொண்ணு ஒம்பதாவது படிக்கறா. ஸ்கூல்ல இருந்து வந்தா வீட்ல ஆளில்ல. அவ தூங்குனதுக்கப்பறம் மொகத்தப் பாக்கறேன், அவ்ளோதான்.”

அணியில் இருப்பவர்களுக்கு மாலையில் பயிற்சி என்பதால் காலை ஷிப்ட் மட்டுமே தருவார்களாம். கணவர் குமார் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவரும் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்.

குக்கரஹள்ளி ஏரியை ஒட்டிய சாலை மரங்கள் அடர்ந்தது. ஓடுவதற்கு அதைவிட இதமான சாலை நான் அறியேன். செயற்கைக்கோள் வழியாகத் தூரம் அளக்கும் கடிகாரத்துக்கு அதைவிட மோசமான சாலையும் இல்லை. கிளைகள் வானத்தை மறைக்கும்போது, நேராக ஓடுகிறவன் வளைந்து வளைந்து ஓடுவதாகக் கடிகாரம் எண்ணிக்கொள்கிறது; ஓடாத தூரத்தையும் சேர்த்துவிடுகிறது. ஐந்தாவது கிலோமீட்டருக்கு என் கடிகாரம் ஒலித்த பிறகு 65 மீட்டர் கடந்துதான் சாலையில் 5 என்ற கோடு வந்தது. குழுவில் இருந்த விஜயநகர் வங்கி ஊழியர், “சாரோட வாச்சுக்கு நம்ம மேல பாசம். ஓடறதுக்கு முன்னாடியே கிலோமீட்டர் குடுத்துடுது” என்றார். எல்லோரும் சிரித்தோம். கோட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

பத்தாவது கோட்டில் வேறுபாடு 130 மீட்டர். மாதேஸ்வரி எனக்கு இணையாக வந்தார். மூச்சு வாங்கவே இல்லை.

“ஏனுங்ணா, கோடு இப்பத்தான வருது. உங்க வாச்சு எப்பவோ அடிச்சிருச்சே. கோடு சரியாத்தான் இருக்கும், எங்க வீட்டுக்காரருதான்...”

“பேசாதீங்க. மூச்சு வீணாப் போயிரும்” என்றேன்.

அன்போடுதான் சொன்னேன் என்று இங்கே எழுதிவிட ஆசை. ஆனால் அன்று என் மனதில் ஓடியது வேறு. கடிகாரமே இல்லாத ஒருவர், கருவிகளைச் சரிபார்ப்பதையே இருபத்தாறு ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவனிடம் அளவு பேசுகிறாரே என்று நினைத்தேன். அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த பத்து கிலோமீட்டருக்கு ஒரு சொல்கூடப் பேசவில்லை.

விஜயநகரின் ஏற்றங்கள் சிறியவை, ஆனால் அடுத்தடுத்து வரும். குறுகிய அடிகளாக வைத்து ஏறுங்கள். அதன்பின் வெளிவட்டச் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் இறக்கம் உண்டு. 13-லும் 17-லும் மாதேஸ்வரி தன்னை அறியாமல் கொடியை முந்திக்கொண்டு போனார். கால்களில் அவ்வளவு மிச்சம் இருந்தது. இரண்டு முறையும், கடைசியில் களைத்துவிடுவீர்கள், கொடிக்குப் பின்னால் வாருங்கள் என்று கூப்பிட்டு நிறுத்தினேன். இரண்டு முறையும் தலையாட்டிவிட்டுப் பின்னால் வந்தார்.

திருப்பத்தில் பால் பூத் தெரிந்தது. கடிகாரம் 20.26 என்றது. பூத்துக்கு எதிரே 20 என்ற கோடு. முடிவுக்கு 1,100 மீட்டர் என்று முந்தின நாள் நானே நடந்து அளந்த இடம். ஓடிய நேரம் இரண்டு மணி 23 நிமிடம் 30 வினாடி. 2:21:40க்கு அங்கே இருந்திருக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் சரி, கடிகாரம்தான் தவறு என்பது ஒரே கணத்தில் விளங்கியது. மிச்சம் ஆறரை நிமிடம்.

“மாதேஸ்வரி, என்னப் பாக்காதீங்க. ஓடுங்க. முடிஞ்ச வேகத்துல ஓடுங்க.”

ஏன் என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்று என் குரலிலேயே தெரிந்திருக்கும். அவர் ஓடியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். நான் அவரை அடைத்து வைத்திருந்த வேகம் எது, அவருடைய உண்மையான வேகம் எது என்பது அந்த 1,100 மீட்டரில் தெரிந்தது. அதை ஆறு நிமிடம் 57 வினாடியில் ஓடினார். முடிவுக்கோட்டில் அவர் நேரம் 2:30:27. எனக்கு 2:30:31.

குமார் வேலிக்கு வெளியே நின்றிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நான் அருகே போய், சாலைக் கோடுகளைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

“அதுல தப்பு வராது சார். வெள்ளிக்கிழமை சக்கரம் தள்ளி அளந்தாங்க, பின்னாடியே நாந்தான் கோடு போட்டுட்டுப் போனேன். ரெண்டு வாட்டி அளந்தாங்க. பத்தாவது கோடு ரெண்டடி தள்ளிருச்சுன்னு அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன்.” பிறகு மனைவியிடம் திரும்பி, “நீ சார் கிட்டச் சொல்லலியா?” என்று கேட்டார்.

மாதேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. “ஓடறப்ப என்னத்தப் பேசறது” என்றார்.

சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்ற ஐந்தாறு சொற்களை அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பக்கத்தில் இட்லி நன்றாக இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று குமார் கூப்பிட்டார். பதினொன்றே கால் பேருந்தைக் காரணம் காட்டினேன். அப்போது மணி எட்டே முக்கால். அவர்களுடைய தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கவில்லை. நஞ்சன்கூடு தாண்டும்போதுதான் அது உறைத்தது. தவறு பேசருடையது என்று விளக்கி, அந்தக் கடிதத்தை மாதேஸ்வரியின் தொழிற்சாலைக்கு அனுப்பக் கோரி ஓட்ட அமைப்பாளர்களுக்கு எழுதினேன். போட்டியாளர்களின் விவரத்தில் தாங்கள் தலையிட முடியாது, முடிவு மாறாது என்று பதில் வந்தது. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

மைசூருக்குப் போகிறவர்கள் கட்டாயம் போங்கள். சாலைகள் நன்றாக இருக்கின்றன, இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர் கிடைக்கிறது, பாதையை ஒழுங்காக அளந்திருக்கிறார்கள். மரநிழலில் கடிகாரத்தைத் தூரத்துக்கு நம்பாதீர்கள். ஓடிய நேரத்தை மட்டும் அதில் பார்த்து, ஒவ்வொரு ஐந்தாவது கோட்டிலும் எங்கே இருக்க வேண்டும் என்பதை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பேசரின் பின்னால் ஓடினாலும் அதைச் செய்யுங்கள். ஐந்தில் அரை நிமிடம் பின்தங்கியிருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால், அவர் என்ன வயதுடையவராக இருந்தாலும், எவ்வளவு படித்தவராகத் தோன்றினாலும், முந்திக்கொண்டு போய்விடுங்கள்.

போன வாரம் அமைப்பாளர்களிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பேசர்களுக்கு இலக்கிலிருந்து ஒரு நிமிடம் வரை விலகல் அனுமதி உண்டு. என் விலகல் 31 வினாடியே. ஆகவே அடுத்த ஆண்டும் அதே கொடியை எனக்கே தருவதில் மகிழ்ச்சி என்று இருந்தது. இன்னும் பதில் எழுதவில்லை. மாதேஸ்வரியின் தொழிற்சாலை விதியில் அப்படி ஒரு நிமிடம் கிடையாது.