தம்பியை எழுதாத விண்ணப்பம்

லண்டன் மருத்துவமனை ஒன்று தன் முதியோர் மருத்துவப் பிரிவில் பயிற்சி மருத்துவர் இடத்துக்கு விளம்பரம் செய்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்துவிட்டு, கல்யாணமாகி லண்டனின் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தவள் நான். மகளை வளர்த்துக்கொண்டு, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு, இந்நாட்டுப் பரீட்சைகளை எழுதித் தேறினேன். அப்போது வேறொரு மருத்துவமனையின் வார்டில் தற்காலிக மருத்துவராக இருந்தேன். தற்காலிகம் என்றால் வேலை முழுதாக உண்டு, மேலே போக வழி மட்டும் கிடையாது. பயிற்சி இடம் கிடைத்தால்தான் ஒருநாள் நிபுணராகலாம்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் பெர்சனல் ஸ்டேட்மெண்ட் கேட்டிருந்தார்கள். நீ யார், ஏன் இந்தத் துறை, உன்னை ஏன் எடுக்க வேண்டும். நோயாளியைப் பற்றி எழுதச் சொன்னால் தடையில்லாமல் எழுதுவேன். என்னைப் பற்றி என்றதும் கை ஓடவில்லை. கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுபவள் என்றெல்லாம் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

லண்டனின் மறுகோடியில், செவன் கிங்ஸில், ஓர் அண்ணை இருந்தார். எனக்குப் பல வருடங்கள் முன்னால் அதே மருத்துவ பீடத்தில் படித்தவர், இப்போது பெயர்பெற்ற நிபுணர். எங்கள் ஆட்களின் ஸ்டேட்மெண்டுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே திருத்திக் கொடுப்பார். அவரால் இடம் கிடைத்தவர்கள் பலர். நானும் மெட்ரோபொலிட்டன் ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை போய், எலிசபெத் லைன் மாறி, அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் மனைவி தேநீரும் பற்றீசும் வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு வாசித்தார்.

"தங்கச்சி, இதை வாசிச்சா ஆளுக்கு நித்திரைதான் வரும். உம்மட்டை ஒரு கதையும் இல்லையே?"

"என்ன கதை அண்ணை?"

"நீர் வன்னி ஆள்தானே. கடைசிச் சண்டை நேரம் வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே?"

சொன்னேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவோடும் அப்பாவோடும் இடம்பெயர்ந்து போன தம்பி, வழியில் ஷெல் பட்டு இறந்தான். பதினேழு வயது. பாதை மூடியிருந்ததால் எனக்குச் செய்தி வந்ததே பிந்தித்தான். இதற்கு மேல் நான் யாரிடமும் சொன்னதில்லை, அண்ணையிடமும் அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஏன் இந்தக் கொட்டாவிக் கதை? தம்பியில தொடங்கும். அவனைக் காப்பாத்த ஏலாமப் போனதாலதான் டாக்டரானன் எண்டு எழுதும்."

"அவன் போகேக்க நான் மெடிக்கல் பக்கல்ட்டியில படிச்சுக்கொண்டிருந்தனான். நான் டாக்டரானதுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை அண்ணை."

"அதை ஆர் வந்து விசாரிக்கப் போகினம்? வாசிக்கிறவனுக்குக் கண் கலங்கவேணும். நானும் அப்பிடித்தான் எழுதினனான்."

பிறகு தன் கதையைச் சொன்னார். எரிந்த வீடு, படகு, காணாமல் போன தகப்பன். எல்லாம் உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

நான் புறப்படுமுன் பேனையால் இன்னொரு பந்தியைச் சுழித்தார். பராமரிப்பு இல்லத்து வேலையைப் பற்றியது. "இதை வெட்டும். டாக்டருக்குப் படிச்சிட்டு இஞ்ச வந்து கிழடுகளுக்குக் குண்டி கழுவினன் எண்டு நீரே எழுதிக் குடுக்கிறதே?"

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே எழுதினேன். அதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. வாரக்கணக்கில் ஓடாத கை அன்று நிற்காமல் ஓடியது. பாதை, புழுதி, தம்பியின் கை. நான் பார்க்காத கையை எழுதினேன். வாசித்துப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. நிச்சயம் கண் கலங்கும்.

என் ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்கள் எப்போதும் இடம் மாறிவிடும். அவற்றைத் திருத்துவது மகளின் வேலை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை காலை லப்டொப்பை அவளிடம் கொடுத்துவிட்டு நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக, "அம்மா, இஞ்ச ஒரு எழுத்து விட்டுட்டீங்கள்" என்று சத்தம் வரும். அன்று சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் நிற்கிறாள்.

"அம்மா, எனக்கு ஒரு மாமா இருந்தவரா?"

கத்தியை வைத்தேன்.

"இது ட்ரூவா? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ சின்னப்பிள்ளை. வளரட்டும் எண்டு..."

"இதை அந்த ஆக்களுக்கு அனுப்பப் போறீங்களா? அவை ஆரெண்டே உங்களுக்குத் தெரியாது. எனக்கே இப்பதான் தெரியும்."

அவள் அழவில்லை. கோபமாக நின்றாள். அந்தக் கோபம் நியாயமானது என்று எனக்குப் பட்ட கணத்தில் என் கோபமும் வந்தது. அண்ணைமேல் கொஞ்சம். ஒரு வேலைக்கு ஆளெடுப்பதற்கு என் வீட்டுச் சாவு தேவை என்று என்னை நம்பவைத்த அந்த வெற்றுப் பக்கத்தின்மேல் நிறைய. இங்கே பிறந்து வளர்ந்து படித்த ஒருவரிடம், உன் வீட்டில் யார் செத்தார் என்று யார் கேட்கிறார்கள்? அவர் நல்ல மருத்துவராக இருந்தால் போதும். நான் மட்டும் பிணத்தோடு வர வேண்டும்.

லப்டொப்பை மூடிவிட்டு, அவளைப் பக்கத்தில் இருத்தி, அவள் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அவன் எப்படிச் செத்தான் என்று அல்ல, எப்படி இருந்தான் என்று. சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓடுவான். என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் ஒற்றையோடு திரும்பி வருவான். ஊசி என்றால் பயம். எனக்கு மருத்துவ பீடம் கிடைத்த அன்று, டாக்டரானாலும் தனக்கு மட்டும் ஊசி போடக் கிட்ட வரக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அதைக் கேட்டு மகள் சிரித்தாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். வெங்காயம் அப்படியே காய்ந்து கிடந்தது.

அன்று மத்தியானமே எழுதியதை முழுவதும் அழித்தேன்.

புதிதாகத் தொடங்கும்போது யோசிக்கவே இல்லை. என் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஓர் ஆங்கிலேய மூதாட்டி நினைவுக்கு வந்தார். 'சாப்பிட மறுக்கிறார்' என்று அவருடைய குறிப்பில் ஒருவர் எழுதியதை அடுத்தவர் எழுதி, அதையே அடுத்தவரும் எழுதியிருந்தார். முதல் நாள் நானும் அப்படியே எழுதினேன். பேச்சும் குழறுகிறது, குழப்பத்தில் இருக்கிறார் என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்ற பேச்சு வந்தது. அடுத்த நாள் ஏதோ தோன்றி, கரண்டியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்த காலத்துப் பழக்கம், ஊட்டுமுன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது. திறந்தார். பல் ஒன்றுகூட இல்லை, வெறும் முரசு. வேறு வார்டிலிருந்து அவரை மாற்றியபோது பொய்ப்பல்லை எங்கேயோ விட்டிருந்தோம். ஒருவரும் கவனிக்கவில்லை. அலுமாரி, படுக்கை விரிப்பு, சலவைப் பை எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. மசித்த உருளைக்கிழங்கு வரவழைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இதைத்தானே பெண்ணே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

என் முதல் வரி இப்படி வந்தது: 'என் நோயாளி சாப்பிட மறுக்கவில்லை, நாங்கள் அவருடைய பல்லைத் தொலைத்துவிட்டோம்.' அதன் கீழே பராமரிப்பு இல்லத்து வருடங்களை ஒளிக்காமல் எழுதினேன். குளிப்பாட்டியதையும் துடைத்ததையும் ஊட்டியதையும், முதுமை என்பது என்ன என்று நான் அங்கேதான் படித்தேன் என்பதையும். மகள் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள்.

மரியாதைக்காக அண்ணைக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பல்லோ? தங்கச்சி, உமக்கென்ன விசரே? தம்பியை ஏன் எழுதேல்லை?"

"அவன் வேலைக்கு விண்ணப்பிக்கேல்லை அண்ணை. நான்தான்."

"கிடைக்காது" என்றார்.

"பரவாயில்லை. இதைத்தான் அனுப்பப் போறன்."

கிடைக்கவில்லைதான். நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்றார் அண்ணை. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் அடுத்து இன்னொரு மருத்துவமனை விளம்பரம் செய்தபோது அதே பக்கத்தை ஒரு வரி மாற்றாமல் அனுப்பினேன். என் கணவர்கூட, "கொஞ்சம் மாத்திப் பார்க்கலாமே" என்றார். மாற்ற மாட்டேன் என்றேன்.

இந்தமுறை கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒரு பெண் மருத்துவர் பல் கதையை விரிவாகக் கேட்டார். அதன்பிறகு வார்டில் என்ன மாற்றினீர்கள் என்றார். வார்டு மாறும் ஒவ்வொரு நோயாளியோடும் கண்ணாடி, காது மெஷின், பல் மூன்றையும் சரிபார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்ததைச் சொன்னேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கனிவான குரலில் கேட்டார்.

"இலங்கையில் வளர்ந்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லை. அந்த அனுபவங்கள்தானே உங்களை மருத்துவராக்கியிருக்கும்?"

"என்னை மருத்துவராக்கியது பரீட்சைகளும் நோயாளிகளும்" என்றேன். "மற்றவை என் குடும்பத்துக்குரியவை. நோயாளிகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்."

நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் முகம் சிவந்து, பிறகு தலையசைத்தார். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபடியே வெளியே வந்தேன். கெட்டால் கெடட்டும் என்றும் இருந்தது.

இடம் கிடைத்த செய்தி வந்தபோது ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று மகளுக்கும் கணவருக்கும் சொல்லிவிட்டு, அடுத்ததாக அண்ணைக்குப் போன் எடுத்தேன். வெற்றியைச் சொல்லிக்காட்டும் ஆசை கொஞ்சம் இருந்தது. அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எப்போது தொடங்குகிறீர், வீடு மாற வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். பிறகு குரல் மாறியது. நிறுத்தல்களும் தாழ்த்தல்களும் இல்லாத குரல்.

"தங்கச்சி, என்ர அப்பாவைப் பற்றி எத்தினை இன்டர்வியூவில சொல்லியிருப்பன். என்ர பிள்ளையளுக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

"இண்டைக்குச் சொல்லுங்கோ அண்ணை."

"அவையள் கேக்கமாட்டினம். வளந்திட்டினம்."

"கேப்பினம். நீங்கள் சொல்லுங்கோ."

"பாப்பம்" என்றார். கடைக்காரர் காய்களை நிறுக்கக் கையை நீட்டினார்.