எழுதி வைத்த விதி

மகளின் கட்டுரை கடைசிச் சுற்றுக்குத் தேர்வான அன்று மட்டாஞ்சேரியில் அடைமழை. சுக்குக் கிடங்கிலிருந்து நனைந்தபடி வந்த என்னை அடுத்த வீட்டுச் சேட்டன் நிறுத்தி, மகளுக்கு உபன்யாசத்தில் சம்மானம் கிடைக்கப் போகிறது என்றார். மலையாளத்தில் கட்டுரைக்கு உபன்யாசம் என்றுதான் சொல்; சம்மானம் என்றால் பரிசு. மனைவி உள்ளேயிருந்து, "உபன்யாசமா? ராமாயணம் சொல்லவா சட்டம் படிக்கிறா?" என்று சிரித்தாள்.

ஆசிய நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் சர்வதேசச் சட்டம் பற்றி எழுதும் போட்டி அது. எர்ணாகுளத்தில் சட்டம் படிக்கும் மகள், தன் தாய்மாமனைப் பற்றி எழுதியிருந்தாள். மீன்பிடிக்கப் போன இடத்தில் கடல் எல்லை தாண்டி, வேற்று நாட்டுச் சிறையில் இருக்கிறார் அவர். வழக்கு முடியவில்லை. வெளியில் நாலு பேர் பேசினால்தான் மாமாவை விடுவார்கள் என்பாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் தெரியாது, கேட்கவும் கூச்சம். போட்டி நடத்துகிறவர்கள் கட்டுரையை இணையத்தில் போட்டதும், அவளாகவே அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். மாமாவின் பெயரும் படகின் பெயரும் அதில் இருந்தன. விசாரணைக்கு முன்பே நீதிமன்றம் தீர்ப்பை எழுதி வைத்துவிட்டதாகக் கைதியே சொன்னார் என்றும் ஓரிடத்தில் வந்தது.

அவர் எப்போது அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"போன்ல சொன்னாருல்ல அப்பா. எங்க விதிய எப்பவோ எழுதி வச்சாச்சுன்னு."

அந்தப் பேச்சை நானும் கேட்டிருந்தேன். அவள் படித்ததெல்லாம் மலையாளம். அதில் விதி என்றால் தீர்ப்பு.

"மோளே, அவரு தலையெழுத்தைச் சொன்னாரு."

"அப்ப கோர்ட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

இல்லை என்றேன். அவள் போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாக அப்போதே எழுதினாள். கட்டுரையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மச்சானுக்காக வாதாடும் அந்த ஊர் வக்கீல் போனில் கூப்பிட்டார். அரசுத் தரப்பு அதற்குள் அச்செடுத்து நீதிபதியிடம் கொடுத்துவிட்டதாம். அடுத்த விசாரணையில், இப்படிச் சொன்னாயா என்று கைதியையே கேட்பார்களாம். அங்கே மொழிபெயர்க்கிறவருக்குத் தமிழ் அரைகுறை. விளக்கப் பார்க்கிறேன் என்று மட்டும் வக்கீல் சொன்னார்.

மகள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மனைவிதான் சொன்னாள்:

"விதிய எழுதி வச்சாச்சுன்னு சொன்னியான்னு கேட்டா, எங்கண்ணன் சொன்ன சொல்லை இல்லைங்க மாட்டாரு. ஆமான்னுதான் சொல்லுவாரு."