கங்காரு குடித்த பனி

பனியில் தலை நனைந்தால் பிள்ளைக்குத் தடிமன், சளி வருமா? இரண்டு டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் இருமல் மருந்து எழுதித் தந்தார். எனக்கு இன்னும் பதில் தெரியாது.

நேற்று மகளின் பள்ளிக்கூடப் பையைக் கழுவுவதற்காகக் கவிழ்த்தேன். அடியில் நசிந்த தோடம்பழம் ஒன்று கிடந்தது. அந்த மணத்தோடு எழுபத்து மூன்றாம் ஆண்டின் குளிர்காலமும் ஒரு சுற்றுலா பஸ்ஸும் வந்துவிட்டன. அந்த பஸ் முழுக்கத் தோடம்பழத் தோலும் ஈரக் கம்பளியும்தான் மணத்தன.

மெல்பேர்னுக்கு வந்து அது எங்கள் இரண்டாவது குளிர்காலம். மகளுக்கு நாலு வயது. முதல் குளிர்காலத்தில் நெஞ்சுச்சளியோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அதை ஊருக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். அதன்பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவின் ஒவ்வொரு நீலக் கடிதத்திலும் ஒரே வரி: "பிள்ளையைப் பனிக்குள்ளை கொண்டு திரியாதை."

அம்மா அறிந்த பனி, மார்கழி விடியலில் குரோட்டன் இலையில் துளியாக நிற்பது. அதற்கே நாங்கள் தலையில் துவாய் கட்டுவோம். இங்கே மலையை மூடிக் கிடப்பதற்கும் நம்மிடம் அதே சொல்தான். சொல் ஒன்று, ஆகவே பயமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். கலியாணத்துக்கு முன் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். சிரிக்காதீர்கள்.

காலையில் டொனா புவாங் மலையில் பனி, மத்தியானம் ஹீல்ஸ்வில் மிருக சரணாலயத்தில் கங்காரு. ஊருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று கணவர்தான் பதிந்தார். நான் நித்திரைக் களைப்பில் தலையாட்டியிருக்க வேண்டும். வழிகாட்டி ஜோன் என்ற நரைத்த பெண். வளைவுக்கு வளைவு ஒலிவாங்கியில் மரங்களின் வயதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வளைவுக்கு வளைவு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உச்சியில் எல்லோரும் இறங்கினார்கள். மகளும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழும்பினாள்.

"கொஞ்ச நேரம்தானே, இறக்கிவிடுமப்பா" என்றார் கணவர்.

"பனி பட்டால் திரும்பவும் சளி பிடிக்குமப்பா."

"அப்ப நீர் பஸ்ஸைப் பாத்துக்கொண்டு இரும். உங்கடை மகள் உங்கடை சொல்லுக் கேட்டவ எண்டு மாமிக்கு நான் எழுதிவிடுறன்."

அவர் இறங்கிப் போனார். மகள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அம்மா, பனி சுடுமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கணவர் வெளியே நின்று அந்த ஜன்னலையே படம் எடுத்தார். ஜோனுக்குப் பொறுக்கவில்லை. தன் பிளாஸ்க் மூடியில் பனியை அள்ளிக்கொண்டு வந்து பிள்ளையிடம் நீட்டினாள். இடையில் நான் வாங்கி, கைலேஞ்சியால் மூடி, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். வீடு போகும்வரை பனி இருக்குமா என்று பிள்ளைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சரணாலயத்தில் அவள் கங்காருவுக்குப் பின்னால் ஓடிய நேரம் பார்த்து, உருகியதை மரத்தடியில் ஊற்றினேன். மூடியைக் கழுவி ஜோனிடம் கொடுத்தேன். மகள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"என்ரை பனி எங்கை?"

"கங்காரு குடிச்சிட்டுது."

"முழுக்கவோ?"

"முழுக்க."

திரும்பிப் போய் அந்தக் கங்காருவின் வாயைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்றைய பையில் பழத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கட்டுரைக் கொப்பியும் இருந்தது. தலைப்பு, பனியில் விளையாடிய நாள். உருண்டாளாம். அப்பாவுடன் பந்து பிடித்து எறிந்தாளாம். மிச்சப் பனியைக் கங்காரு குடித்ததாம். ஆசிரியை கங்காரு வரிக்குக் கீழே கோடு போட்டு, நல்ல கற்பனை என்று எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் அவளுடைய கற்பனை இல்லை. அது என்னுடையது.

அல்பத்தை எடுத்து, அன்று கணவர் எடுத்த ஜன்னல் படத்தைப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் வெளியே இருந்த மலை முழுக்க விழுந்திருக்கிறது. நெஞ்சளவு பனியில் கை உயர்த்தி நிற்பவள் போல இருக்கிறாள். யார் பார்த்தாலும் நம்புவார்கள். ஐந்து வருடமாக அவள் பார்த்திருக்கிறாள்.

இந்த விடுமுறைக்குப் பனி பார்க்கப் போவோமா என்று தகப்பன் கேட்டார். "நோ நீட், டடி. ஐ'வ் டன் இட்" என்றாள்.

அந்தச் சுற்றுலாவை நிறுத்திவிட்டார்களாம்; போன் எடுத்துக் கேட்டேன். ஜோனைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. கை நடுங்குவதால் அம்மாவின் கடிதம் சுகம் கேட்பதோடு முடிந்துவிடுகிறது. பனி பற்றி இப்போது ஒரு வரியும் இல்லை. மகளும் பனி என்று சொல்வதில்லை. ஸ்னோ, டியூ என்று அவளிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் அவள் பயப்படுவதில்லை.

உண்மையைச் சொன்னால் அவள் எங்களோடு வருவாள், ஒரு நாள் பனி கிடைக்கும். ஐந்து வருடமாக வைத்திருக்கும் பனி போய்விடும். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள், நீங்கள் என்றால் சொல்வீர்களா? விடுமுறைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.